அவசரமில்லாத நோய்

குடலில் வாழும் இ. கோலை பாக்டீரியா, சூழல் தோதாக இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கிறது. டி.பி. பற்றிப் படித்ததில் என் மனதில் அப்படியே தங்கிவிட்டது இந்த ஒரு தகவல்தான். ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மாத்திரையை ஆறு மாதம் விழுங்கச் சொல்கிறார்கள். இருமல் தொடங்கி, நோய் இன்னதென்று தெரிவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. இத்தனை பேர் செத்தும் செய்தியில் வருவதில்லை. இதில் எதைப் பிடித்து இழுத்தாலும் கடைசியில் அந்தக் கிருமியின் நிதானத்தில்தான் போய் முடிகிறது.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் ஒரு கோடியே 8 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்தது. பன்னிரண்டரை லட்சம் பேர் இறந்தார்கள். மூன்று ஆண்டுகள் கோவிட் பிடித்து வைத்திருந்த இடத்தை, அதாவது ஒரே கிருமியால் அதிகம் பேரைக் கொல்லும் தொற்று என்ற இடத்தை, அந்த ஆண்டில் டி.பி. திரும்ப எடுத்துக்கொண்டது. கோவிட் அந்த இடத்தில் இருந்தபோது தினமும் மாலையில் எண்ணிக்கை பார்த்தோம். டி.பி. திரும்பி வந்தபோது யாரும் எண்ணிக்கை பார்க்கவில்லை. இத்தனைக்கும் இது மாத்திரையால் குணமாகும் நோய்.

கிருமி யாரென்று தெரியாத காலமும் இல்லை. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் அதை அறிவித்தார். மார்ச் 24ஐ உலகக் காசநோய் நாளாக வைத்திருப்பது அதனால்தான். மெழுகு போன்ற கொழுப்புச் சுவர் கொண்ட கிருமி அது. சாதாரணச் சாயம் அதில் ஏறாது, சாதாரண ஆன்டிபயாடிக்கும் எளிதில் உள்ளே போகாது. நுரையீரலுக்குள் நுழைந்ததும் அதை விழுங்க வரும் பாதுகாப்புச் செல்களுக்குள்ளேயே குடியேறிவிடும். பெரும்பாலானோரின் உடல் அதைச் சுற்றி வளைத்து அடைத்து வைத்துவிடுகிறது. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருக்கும் என்பது மதிப்பீடு. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாக வெளிப்படும். மற்றவர்களுக்கு அது நீறு பூத்த நெருப்பு. எச்.ஐ.வி., சர்க்கரை நோய், புகை, குடி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டினி, இவற்றில் ஏதாவது ஒன்று அந்தச் சாம்பலை ஊதிவிடுகிறது.

பரவுவது எப்படி என்பதைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தமான ஒன்று. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில், ரிச்சர்ட் ரைலி என்பவர் ஆறு படுக்கைகள் கொண்ட ஒரு காசநோய் வார்டை எடுத்துக்கொண்டார். அந்த வார்டின் காற்று முழுவதும் குழாய் வழியே மேல்தளத்துக்குப் போகும்படி செய்தார். மேலே சுமார் 150 கினிப் பன்றிகள் கூண்டில் இருந்தன. நோயாளிகளை அவை பார்த்ததே இல்லை. அவர்கள் தொட்ட பொருள் எதையும் தொட்டதும் இல்லை. அவர்கள் விட்ட மூச்சுக்காற்றை மட்டும் சுவாசித்தன. மாதத்துக்குச் சில என்ற கணக்கில் அவற்றுக்குத் தொற்று வந்துகொண்டே இருந்தது. அதே வார்டின் காற்றைப் புற ஊதா விளக்கைத் தாண்டி வரச்செய்த இன்னொரு கூண்டில் எதற்கும் வரவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. தொற்றில் பெரும்பகுதி ஒருசில நோயாளிகளிடமிருந்தே வந்திருந்தது. சரியான மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்தது மிகக் குறைவு.

இது நடந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, கோவிட் காலத்தில், கிருமி காற்றில் மிதந்து பரவுமா, எச்சில் துளியாக விழுந்து பரவுமா என்று உலகமே சண்டை போட்டது. மேஜையைத் துடைத்தோம், காய்கறியைக் கழுவினோம், ஜன்னலை மட்டும் மூடியே வைத்திருந்தோம். ரைலியின் கினிப் பன்றிகளைக் கொஞ்சம் முன்பே நினைத்துப் பார்த்திருக்கலாம். காற்றோட்டம் என்பது சுவாசத் தொற்றுகள் அத்தனைக்கும் பொதுவான மருந்து. மாத்திரை போல விற்க முடியாததாலோ என்னவோ, அதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை.

என் சித்தப்பாவுக்கு வந்தபோதுதான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அவருக்கு இருமல் வந்தது, மருந்துக் கடையில் சிரப் வாங்கினார். குறையவில்லை, ஒரு டாக்டரிடம் போனார், ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடித்தார். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. மறுபடி வந்தது. இன்னொரு டாக்டர், இன்னொரு கோர்ஸ். லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் டி.பி. கிருமியையும் ஓரளவு அடக்கும், அதனால் நோயாளிக்கும் டாக்டருக்கும் 'சரியாகி வருகிறது' என்ற எண்ணம் வந்துவிடும் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அதற்குள் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டிய அளவுக்கு மெலிந்திருந்தார். சாயங்காலம் லேசான காய்ச்சல், ராத்திரி பனியன் நனையும் வேர்வை. "வயசாகுதில்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார். பார்த்த டாக்டர்களில் யாரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த அந்த ஒரு இருமலைப் பார்த்தார். அதற்கு முன்னால் நடந்த இருமல்களையும் சேர்த்து அடுக்கிப் பார்க்க யாருமில்லை.

சளி மாதிரி எடுப்பதை ஒரு சின்ன வேலை என்று நினைத்திருந்தேன். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, "எச்சில் துப்பிட்டு வந்துடாதீங்க ஐயா, எச்சில் வேற சளி வேற" என்றார் அந்தச் செவிலியர். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளிக்க வேண்டும். பிறகு திறந்த வெளிக்குப் போக வேண்டும், மூடிய அறையிலோ கழிப்பறையிலோ கூடாது. ஆழமாக மூச்சை இழுத்து, கொஞ்ச நேரம் பிடித்து, அடி நெஞ்சிலிருந்து இரும வேண்டும். சித்தப்பா முதல்முறை கொண்டுவந்தது வெறும் எச்சில். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை கொண்டுவந்த மஞ்சள் சளியை அந்தம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுதான் வேணும்" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஒரு மனிதரின் சளியைப் பார்த்து இன்னொருவர் மகிழ்ந்து நான் கண்டது அன்றுதான்.

அந்த டப்பா எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமாராக 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் 'நெகட்டிவ்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். 2010ல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் கருவி, கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் டி.பி. இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டி.பி. மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். இப்படி ஒரு கருவி வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், உலகின் பல இடங்களில் முதல் பரிசோதனை இன்னும் நுண்ணோக்கிதான்.

இதைவிடச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. பல நாடுகளில் வீடு வீடாகப் போய் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்த கணக்கெடுப்புகளில், டி.பி. உறுதியானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தொடர் இருமல் போன்ற அறிகுறி எதுவும் இல்லை என்றே சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் 'இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் வா' என்று உட்கார்ந்திருக்கும் மருத்துவமனை, பாதிப் பேருக்காகக் கதவையே திறக்கவில்லை என்று அர்த்தம். வியட்நாமின் கா மாவ் மாகாணத்தில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். இருமல் இருக்கிறதோ இல்லையோ, பெரியவர்கள் எல்லோரையும் ஆண்டுக்கு ஒருமுறை தேடிப்போய்ச் சோதித்தார்கள். மூன்று ஆண்டு அப்படிச் செய்த பிறகு, செய்யாத பகுதிகளோடு ஒப்பிட்டால் நோய் 44 சதவீதம் குறைவாக இருந்தது. முடிவு 2019ல் வெளியானது.

சரி, மருந்துக்கு வருவோம். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புட்டால். முதல் இரண்டு மாதம் நான்கும், அப்புறம் நான்கு மாதம் இரண்டோ மூன்றோ. ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும், கண்ணீரையும்கூட. யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. சித்தப்பாவுக்கு முதல் மாதத்திலேயே பசி திரும்பிவிட்டது, காய்ச்சல் போய்விட்டது. சிக்கலே அங்கேதான் ஆரம்பம். உடம்பு சரியான பிறகும் வாந்தி வரவைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். வேகமாகப் பெருகும் கிருமிகளை மருந்து வேகமாகக் கொன்றுவிடுகிறது. அரைத் தூக்கத்தில் கிடக்கும் கிருமிகள்தான் மிச்சம். மருந்து பெரும்பாலும் அவை விழித்துப் பிரியும்போதுதான் பிடிக்கும். அவை விழிக்கும்வரை மருந்து காத்திருக்க வேண்டும், மருந்தோடு சேர்ந்து மனிதனும்.

ஒரே மருந்தை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்ட விஷயம். 1948ல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் நோயாளிகள் முதலில் தேறினார்கள், பிறகு பலருக்கு மருந்து வேலை செய்யாமல் போனது. கிருமி பழகிவிட்டது. அதிலிருந்துதான் கூட்டு மருந்து வந்தது.

அடுத்த பெரிய திருப்பம் நடந்தது சென்னையில். 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து அங்கே ஒரு காசநோய் மருந்து ஆய்வு மையத்தைத் தொடங்கின. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. கேள்வி எளிமையானது: நோயாளி சானடோரியத்தில், அதாவது காசநோய்க்காரர்களை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனையில், போய்ப் படுத்தே ஆக வேண்டுமா? ஒரு பிரிவினர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. இன்னொரு பிரிவினர் நெருக்கடியான தங்கள் வீட்டில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, அதே மாத்திரையோடு. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இருவர் நிலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் தொற்றும் வரவில்லை. 1959ல் முடிவு வெளிவந்ததும் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிய ஆரம்பித்தது. ஏழை நாடுகளில் கோடிக்கணக்கானோர் வீட்டிலிருந்தே குணமானதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அதே ஆய்வை உலகம் வேறு விதமாகவும் படித்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. சாப்பாடு சரியில்லாதவர்களும் மருந்தால் தேறினார்கள் என்றதும், சாப்பாட்டுக்கும் டி.பி.க்கும் சம்பந்தமில்லை என்பது போல அந்தப் பேச்சே பின்னால் போய்விட்டது. நோயாளிக்கு மருந்து போதும், திட்டம் போடுபவர்களுக்கு வசதி. அந்த நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் வருமா வராதா என்பதில் சாப்பாட்டின் பங்கு என்ன என்பது வேறு கேள்வி. அதற்கு உருப்படியான பதில் கிடைக்க 2023 வரை ஆனது.

ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் நடத்திய ரேஷன்ஸ் ஆய்வு அது. நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு, வைட்டமின் மாத்திரை என்று கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்ப உறுப்பினர்களைத் தொடர்ந்து கவனித்ததில், உணவு கிடைத்த குடும்பங்களில் டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. பரிசோதனையில் உறுதியான நுரையீரல் டி.பி. மட்டும் என்றால் 48 சதவீதம். சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடம் இறப்பும் வெகுவாகக் குறைவு. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசி அளவுக்கு வேலை செய்திருக்கிறது. இதே எண் ஒரு புது மருந்துக்கு வந்திருந்தால் பங்குச்சந்தை துள்ளியிருக்கும்.

மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. என்றால் கதை இன்னும் கடினம். ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பேருக்கு அது வருகிறது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதற்கான சிகிச்சை தொடங்கவே இல்லை. கொஞ்ச காலம் முன்புவரை அந்தச் சிகிச்சை பதினெட்டு, இருபது மாதம். மாதக்கணக்கில் தினமும் ஊசி. அந்த ஊசி மருந்துகள் சிலரின் காதைப் பறித்துவிடும். மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே என்ற இரு இளம்பெண்களுக்கும் அப்படித்தான் காது போனது. 2012ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பெடாகுவிலின் என்ற புது மருந்து இந்த ஊசிகளைத் தேவையற்றதாக்கியது. அதன் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்டு ஜான்சன் இந்தியாவில் விண்ணப்பித்தபோது, எதிர்த்து மனுப் போட்டவர்கள் இந்த இருவர். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. மற்ற நிறுவனங்களும் மலிவாகத் தயாரிக்க வழி பிறந்தது. இப்போது பெடாகுவிலினோடு வேறு மூன்று மருந்துகள் சேர்ந்த ஆறு மாத மாத்திரைச் சிகிச்சை, ஊசியே இல்லாமல், 2022 முதல் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையில் இருக்கிறது.

புமேசாவும் நந்திதாவும் செய்ததைப் பார்த்த பிறகு, நோயாளி மாத்திரை போடுவதை எதிரில் உட்கார்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற பழைய முறை எனக்கு இன்னும் உறுத்தலாகவே படுகிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தினமும் கூலியை விட்டுவிட்டு வந்து, யார் முன்னாலோ வாயைத் திறந்து காட்டச் சொல்வதற்கு முன்னால், பாதிக்கப்பட்ட குடும்பங்களில் ஏறக்குறைய பாதி தங்கள் ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த நோயில் இழக்கின்றன என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மாத்திரை இலவசம். பஸ்ஸும் போன கூலியும் இலவசம் இல்லை.

நுரையீரலைத் தாக்கும் இன்னொரு பெரிய கொலையாளி இதற்கு நேர் எதிர். குழந்தைகளின் நிமோனியா மாதங்களில் இல்லை, நாள்களில் வேலையை முடித்துவிடும். 2019ல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவில் இறந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரேகூட வேண்டியதில்லை. பப்புவா நியூ கினியில் வேலை பார்த்த ஃபிராங்க் ஷான் போன்ற குழந்தை மருத்துவர்கள் 1980களில் எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள்: மூச்சை எண்ணு. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு (இரண்டு மாதத்துக்கு மேல்) 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் நிமோனியா என்று எடுத்துக்கொண்டு அமாக்சிசிலின் தொடங்கிவிடலாம். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், யாருக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கோவிட்டின்போது வீட்டுக்கு வீடு வாங்கிய அந்தக் கருவி, பல நாடுகளின் சிறு சுகாதார நிலையங்களில் குழந்தையின் விரலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஒன்று மெதுவாகக் கொல்கிறது, மற்றது வேகமாகக் கொல்கிறது. கொல்லும் வீடுகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றே. காற்று புகாத அறை, விறகுப் புகை, மெலிந்த உடம்பு, முதலில் போகும் இடத்தில் கருவி இல்லாமை. நிமோனியாவுக்காவது, அதைக் கொண்டுவரும் ஹிப், நியூமோகாக்கஸ் என்ற கிருமிகளுக்கு எதிராக நல்ல தடுப்பூசிகள் வந்துவிட்டன.

டி.பி.க்கு இருப்பது பி.சி.ஜி. என்ற பழைய தடுப்பூசி. கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டு டி.பி. கிருமியைப் பதின்மூன்று ஆண்டு திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்து, 1921ல் முதல்முறையாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். மூளைக்காய்ச்சலாக மாறும் டி.பி. போன்ற கொடிய வடிவங்களிலிருந்து குழந்தைகளை அது காப்பாற்றுகிறது. பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யில்தான் கைவிட்டுவிட்டது. செங்கல்பட்டுப் பகுதியில் 1968ல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த பெரும் ஆய்வில், அந்தப் பாதுகாப்பு இல்லை என்றே முடிவு வந்தது. அதன் பிறகும் ஒரு தலைமுறை போய்விட்டது. டி.பி.யைக் கண்டறியவும் தடுக்கவும் குணப்படுத்தவும் 2027க்குள் ஆண்டுக்கு 2,200 கோடி டாலர் திரட்டுவோம் என்று 2023ல் ஐ.நா. கூட்டத்தில் நாடுகள் இலக்கு வைத்தன. அந்த ஆண்டு கையில் இருந்தது 570 கோடி. 2025ல் அமெரிக்க உதவி வெட்டப்பட்டதும் அதிலும் ஓட்டை விழுந்தது.

இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது எம்72 என்ற தடுப்பூசியை. ஏற்கெனவே தொற்று உள்ள பெரியவர்களில், நோயாக மாறுவதை அது ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது என்று முந்தைய கட்ட ஆய்வு சொன்னது. மூன்றாம் கட்ட ஆய்வு 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. கென்யா, மலாவி, ஜாம்பியா, இந்தோனேசியாவையும் சேர்த்து 20,000 பேர் வரை அதில் இடம்பெறும் திட்டம். முடிவு நன்றாக வந்தால் அடுத்த கேள்வி வரும்: இதை யாருக்குப் போடுவது, எங்கே போடுவது? குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட எல்லா நாட்டிலும் ஆளும் அட்டவணையும் இருக்கிறது. பதினெட்டு வயதுக்காரனையும் நாற்பது வயதுக்காரியையும் தேடிப்போய்ப் போட அப்படி ஒரு வழக்கம் பெரும்பாலான நாடுகளில் இல்லை. அதற்கான ஏற்பாட்டை, ஊசி வந்த பிறகு ஆரம்பிக்காமல், ஆய்வு நடக்கும் இந்த ஆண்டுகளிலேயே யாராவது தொடங்கியிருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டி, ஆள், பட்டியல், பணம் என்று நாடு நாடாகப் போடும் அந்தக் கணக்கைத்தான் நான் இப்போது செய்திகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.